ஈரக் கையில் ஒட்டாத பேன்

நெல் நாற்றங்காலில் பேன் விழுந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் குனிந்து இலையைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். வாய்க்காலில் உள்ளங்கையை நனைத்து, நாற்றின் நுனிமேல் ஒரு வீச்சாகத் தடவுவார்கள். இலைப்பேன், திரிப்ஸ் என்கிறார்களே அது, இருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரும், மிளகுத் தூளைத் தூவின மாதிரி. ஒன்றும் ஒட்டவில்லையென்றால் வரப்பேறி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நான் வேளாண்மை படிக்கப் போன இடத்தில் இதையே பாடமாக நடத்தினார்கள். அப்பா செய்கிற காரியம் புத்தகத்தில் இருக்கிறதே என்று அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "இத்த கத்துக்கவா அவ்ளோ தூரம் பஸ் ஏறிப் போற?" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருக்கிறது. மாமா கம்பெனி வேலைக்குப் போகிறவர், ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் அக்கா பச்சை நிழல்வலை கட்டி ஷெட்டு போட்டாள். தேங்காய்நார்த் தூள் நிரப்பின டிரேக்களில் மிளகாய், கத்திரி, சாமந்தி நாற்று விட்டு விற்கிறாள். போர்டு கிடையாது. திருமுக்கூடலிலிருந்து ஓரிக்கை வரைக்கும் வாய்வார்த்தையாகவே போன பேர்தான். "அந்தம்மா நாத்து வேர் புடிச்சா புடிச்சதுதான்" என்று டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, அதை எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கென்று அவளே சம்பாதித்தது அந்தப் பேர். யாருடைய பொண்ணு, யாருடைய பொண்டாட்டி என்பதெல்லாம் அதில் வராது.

அந்தப் பேருக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வினை வந்தது.

நான் வாரக் கடைசிக்கு வந்திருந்தேன். ஒரு கல்லூரியின் பூச்சியியல் லேபில் எனக்கு வேலை. பூச்சிகளைச் சேகரித்து, கண்ணாடிச் சிலைடில் ஏற்றி, இன்னது என்று சொல்ல வேண்டும். அக்காவும் நானும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி நின்றது. திருமுக்கூடல்காரர் ஒருவர். நான்கு வாரத்துக்கு முன்னால் அக்காவிடம் குட்டி யானை வண்டி நிறைய மிளகாய் நாற்று ஏற்றிப் போனவர். வண்டியின் பின்னால் ஒரு டிரேயைக் கட்டியிருந்தார், நட்டதுபோக மீந்தது. ஹேண்டிலில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் நிலத்திலிருந்து பிடுங்கின நாலைந்து செடி. இரண்டையும் இறக்கி அக்கா எதிரே வைத்தார்.

செடிகளின் கொழுந்து எல்லாம் ஓரம் மேலே தூக்கிக்கொண்டு, படகு மாதிரி சுருண்டிருந்தன.

"நாத்து கேட்டா பூச்சியையும் சேத்துக் குடுத்துகீறியேம்மா" என்றார். "பொடிப்பொடியா ஓடுது. மருந்துக்கடையில சொல்லிட்டான், அந்தப் புது திரிப்ஸ்தான்னு. பூ வுட்டா பூவோட போய்டுமாம். இன்னாத்துக்கு இத்த வச்சிக்கினு அழணும்? செவ்வாக்கெழம ரொட்டவேட்டர் சொல்லிட்டேன். ஓட்டி வுட்டுட்டு வேற எதனா போடறேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அடங்கின குரலில், ஊருக்கெல்லாம் இனிமேல் சொல்லத்தான் போகிறேன் என்று சேர்த்துக்கொண்டார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நான் கை வச்சு பாத்துட்டுதான்ணா ஏத்தினேன்" என்றாள். "ஒவ்வொரு டிரேவும் பாத்தேன். ஒண்ணு கூட ஒட்டல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா நெல்லுக்குப் பார்க்கிற பார்வையை மிளகாய்க்கும் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் வேறு எப்படிப் பார்ப்பாள்? நெற்பேன் இலையின் மேற்பரப்பில் திரியும், கையில் வரும். மிளகாயில் வருகிறது கொழுந்தின் அடிப்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, இன்னும் விரியாத மடிப்புக்குள் படுத்துக் கிடக்கும். மேலே எத்தனை முறை ஈரக் கையால் தடவினாலும் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் அதை அங்கே, அவர் எதிரே, நான் சொல்லவில்லை. எந்தப் பேன் என்றே இன்னும் தெரியாது. எங்கள் பக்க மிளகாய்க்கு ரொம்ப நாளாகப் பழக்கமான இலைப்பேன் ஒன்று உண்டு. இளம் செடியில் வந்தால் கண்ணும் கருத்துமாய் இருந்து மீட்டுவிடலாம். அவர் சொல்கிற புதுசு பூவுக்குள் கூட்டமாய்ப் புகுந்து காயே பிடிக்கவிடாது. அதுவானால் அவர் ஓட்டிவிடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு நிலத்தை உழுதுபோடுவதா?

வளர்ந்த பேனாக இருந்தால் ஓரளவுக்கு நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். அதற்குச் சிறகு உண்டு, தொட்டாலே பறக்கும். வண்டியில் காற்றடித்துக்கொண்டு வந்த டிரேயில் எது மிஞ்சும்? வெள்ளைத் தாளில் செடியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பெரிசு ஒன்றுகூட இல்லை. விழுந்ததெல்லாம் சிறகில்லாத குஞ்சு. வெளிர் மஞ்சள், தவிட்டைவிடப் பொடி. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் நகர்வது தெரியும்.

"இத்த வச்சு சொல்ல முடியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"முடியும். லேபுக்குக் கொண்டு போவணும்."

திருமுக்கூடல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தம்பி பாத்தா உனுக்கு சாதகமாத்தான் சொல்லுவான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். செவ்வாய்க்கிழமை காலைவரைதான் என்று போகிற போக்கில் ஞாபகப்படுத்தினார்.

அவர் போனபிறகு அக்கா நேரே ஷெட்டுக்குள் போனாள். அவர் வாங்கின அதே விதைப்பில் கொஞ்சம் டிரே இன்னும் மீதி இருந்தது. தொட்டியில் கையை நனைத்துத் தடவிக் காட்டினாள். கை சுத்தமாக இருந்தது. "பாரு" என்றாள். நான் ஒரு கொழுந்தை நகத்தால் மெல்லப் பிரித்தேன். மடிப்புக்குள் மஞ்சளாய் இரண்டு. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"பக்கத்துல சாமந்தி கீது. அதுலேர்ந்து வந்த வேற ஏதாவதா கூட இருக்கும், இல்ல?"

இருக்கலாம் என்றேன். பொய்யில்லை, சாமந்தியில் வேறு சாதிப் பேனும் வரும்.

மூன்று குப்பிகளில் ஸ்பிரிட் ஊற்றி, மெல்லிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாய் எடுத்துப் போட்டேன். ஒன்று அவர் நிலத்துச் செடியிலிருந்து, ஒன்று அவர் திருப்பிக் கொண்டுவந்த டிரேயிலிருந்து, ஒன்று அக்காவின் ஷெட்டிலிருந்து. மூன்றாவதை மூடும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். "எது வந்தாலும் எனக்கு சொல்லு. மறைச்சு கிறைச்சு பேசாத" என்றாள்.

இலைப்பேன் குஞ்சை அடையாளம் பார்ப்பது பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதே குஞ்சால்தான்.

முட்டையிலிருந்து வந்த பின் அதற்கு இரண்டு பருவம். முதல் பருவம் கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கிறது வெளியே தெரியும். அதில் அடையாளம் முழுசாக வந்திருக்காது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது, மஞ்சள் பிடித்தது. சிறகு முளைக்கிற மொட்டு தெரிந்தால் அது தாண்டிப்போன பருவம், ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாம் பருவத்துக் குஞ்சைக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் சதை கரைந்து தோல் மட்டும் நிற்கும், பாம்பு உரித்துப் போட்ட சட்டை போல. அந்தச் சட்டையைச் சிலைடில் மல்லாத்தாமல் குப்புறப் படுக்க வைத்து, காலும் உணர்கொம்பும் ஒடியாமல் பிரித்துவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூட வேண்டும். மூச்சு பலமாக விட்டால் போய்விடும். முதல் மாதம் நான் ஏற்றினதெல்லாம் கோணல் மாணல். ஒன்றுக்குத் தலை இருக்காது, ஒன்றுக்கு வால்.

முதல் தடவை சரியாக விழுந்த சிலைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நாள் மறக்காது. வெறும் மஞ்சள் தூசி என்று நினைத்திருந்ததன் தலையில் மீன்வலை விரித்த மாதிரி கோடுகள். கோட்டுக்குள்ளே பொடிப் பொடியாய் மணிகள். உடம்பின் ஒவ்வொரு வளையத்திலும் இங்கே ஒரு முடி, அங்கே ஒரு முடி என்று வரிசை தப்பாமல். தலையிலும், வால் பக்கத்து வளையங்களிலும் இருந்த முடிகளின் நுனி மட்டும் கூர்மையாக முடியவில்லை. ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருந்தது. ஒரு புனலைக் காம்போடு நட்டு வைத்தது போல.

மிளகாயின் பழைய இலைப்பேனுக்கு அதுதான் அடையாளம். மற்றதுக்கு முடி கூராக முடியலாம், மொட்டையாக முடியலாம், இந்தப் புனல் மட்டும் இராது. அந்தப் பூச்சி அத்தனை சின்ன உடம்பில் அத்தனை சின்ன முடிக்கு ஒரு வாய் செய்து வைத்திருக்கிறது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. இதை யாரோ ஒருத்தர் எங்கேயோ கண் வலிக்க உட்கார்ந்து, முடி முடியாய் எண்ணி, படம் வரைந்து வைத்திருக்கிறார். பிடிக்காமல் இந்த வேலையை ஒருவர் செய்ய முடியாது. அந்தப் படத்தைப் பார்த்துதான் நான் கற்றேன். அவர் யாரானாலும் அவருக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

திங்கட்கிழமை காலையில் மூன்று குப்பியையும் லேபுக்குக் கொண்டுபோய் ஊறப் போட்டேன். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் தோல் கிழியும், அதனால் ராத்திரி முழுக்க ஊற விட்டேன். செவ்வாய் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் லேபைத் திறந்து சிலைடு ஏற்றினேன்.

நிலத்துச் செடியில் இருந்தது முதலில். தலையில் வலைக்கோடு, அதில் மணி. வால் பக்கம் வந்தேன். ஊமத்தம்பூ. பழைய பேன்தான், அவர் பயந்த புதுசு இல்லை. லேபில் அந்தப் புதுசின் குஞ்சுச் சிலைடு ஒன்று இருக்கிறது, எடுத்துப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதன் முடியில் விரிவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர் நிலம் தப்பித்தது.

அவர் திருப்பிக் கொண்டுவந்த டிரே. அதுவும் ஊமத்தம்பூ.

மூன்றாவது சிலைடை வைத்துவிட்டு உடனே குனிந்து பார்க்க மனசு வரவில்லை. அது வேறாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வேறாக இருந்தால் அக்கா தப்பித்தாள். ஆசைப்படுகிறவன் கண் சொல்வதை எப்படி நம்புவது? திருமுக்கூடல்காரர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை வேறு காதில் இருந்தது. அதனால் மூன்று சிலைடின் பேரையும் காகிதம் ஒட்டி மறைத்து, இடம் மாற்றி அடுக்கி, கூட வேலை பார்க்கிற பெண் வந்ததும் அவளிடம் கொடுத்தேன். என் வயசுதான், ஆனால் முடி பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு சிலைடிலேயே அரை நாள் உட்காருவாள். அவள் மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள். தலை, நடு, வால், திரும்பத் தலை.

"மூணும் ஒரே சாதி" என்றாள். "மறைச்சு வச்ச அளவுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே."

வராண்டாவுக்கு வந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பக்கம் ஷெட்டில் தண்ணீர் பீச்சுகிற சத்தம். முதலில் நல்லதைச் சொன்னேன், அது புதுசு இல்லை, அவர் உழ வேண்டாம், சுருண்ட கொழுந்தைக் கிள்ளி எரித்துவிட்டு, வேளாண்மை ஆபீஸில் கேட்டு அவர்கள் சொல்கிற மருந்தை மட்டும் அடித்தால் செடி தேறும் என்று.

"மத்தது?" என்றாள்.

மற்றதையும் சொன்னேன். பிறகு, அந்தப் பேன் எங்கேயும் இருக்கிறது, கொட்டமுத்து, அதாவது ஆமணக்குச் செடியில்கூட இருக்கும், அவர் நிலத்திலேயே இருந்ததாகவும் இருக்கலாம் என்று விளக்கிக்கொண்டே போனேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நம்ம டிரேல கீதா, இல்லியா?"

"கீது."

"அப்பால இன்னாத்துக்கு சுத்தி வளைக்கிற? அவருக்குப் போடு. நானும் லைன்ல இருக்கறேன்."

மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். திருமுக்கூடல்காரர் எடுத்ததும் பின்னால் டிராக்டர் உறுமுவது கேட்டது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், முடித்ததும் இறக்கிவிடுவோம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"ஓட்டாதண்ணா. வண்டிய அணைக்கச் சொல்லு."

"ஏன், உன் தம்பி உத்தமம்னு சொல்லிட்டானா?"

"இல்ல. பூச்சி என்னுதுதான். என் ஷெட்டுலயும் அதே கீது. கையில ஒட்டலன்னு நம்பி ஏத்திட்டேன், அது கையில ஒட்டற சாதி இல்லியாம். ஆனா நீ சொன்ன பூச்சி இது இல்ல. இது செடிய சாவடிக்காது. பாத்துக்கினா தேறிடும். அதுக்காகத்தான் சொல்றேன், ஓட்டாத."

கொஞ்ச நேரம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குக் கோபம் வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவள் சமாதானமாக எதையும் சேர்க்கவில்லை. நானாக இருந்தால் அந்த மௌனத்தில் எத்தனை காரணம் கொட்டியிருப்பேன்.

"உன்னுது இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். பிறகு வாயை ஃபோனிலிருந்து விலக்கி யாரையோ கூப்பிட்டு, வண்டியை அணைக்கச் சொன்னது கேட்டது.

அக்கா அதோடு விடவில்லை. அதே விதைப்பில் வாங்கிப்போன மற்றவர்களுக்கும் அன்று சாயங்காலமே ஒவ்வொருவராய் ஃபோன் பண்ணினாள், கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள் என்று. மாமா ஷிப்டிலிருந்து வந்து இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். கேட்காதவர்களிடமெல்லாம் போய்ச் சொல்வாயா என்றாராம். கேட்டபிறகு சொன்னால் அது இன்னொரு மாதிரி ஆகிவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மீதி டிரேயை விற்காமல் குழி தோண்டிப் புதைத்தாள். வாங்கினவர்களில் ஒருவர் அதற்குப் பிறகு வரவே இல்லை, வழியில் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அது அவளுக்கு வலிக்கிறது. இன்னும் அவர் பேச்சு வந்தால் சட்டென்று வேறு பேச்சு எடுக்கிறாள்.

லேபில் தள்ளிப்போட்டிருந்த ஒரு பழைய கை லென்ஸை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பத்து நாளில் நகத்தால் கொழுந்து ஒடியாமல் மடிப்பைப் பிரிக்கப் பழகிவிட்டாள். எனக்கு அது வரச் சில மாதம் ஆயிற்று. இன்னும் வேடிக்கை, டிரேயைப் பார்க்க வரும்போது முதலில் தொட்டியில் கையை நனைத்து ஒரு வீச்சு தடவிவிட்டுத்தான், புடவையில் துடைத்துக்கொண்டு லென்ஸை எடுக்கிறாள். அதுதான் தேவையில்லையே என்றால், "கை கேக்க மாட்டேங்குதுடா" என்கிறாள்.

அடுத்த நடவுப் பட்டத்துக்குத் திருமுக்கூடல்காரர் குட்டி யானையோடு வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன். அந்த மிளகாய் தேறிக் காய் பறித்தார் என்பது தெரியும், ஆனால் வருவார் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. வந்தவர் டிரேயைத் தொடாமல், "அந்தக் கண்ணாடிய குடு, நானே பாக்கறேன்" என்றார். அக்கா கழற்றிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு டிரேயிலும் நாலு கொழுந்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவருக்கே அது கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது. "பூச்சி இன்னா மாதிரி இருக்கும்னு காட்டவாவது ஒண்ணு வச்சிக்கக் கூடாது?" என்றார்.

என் ஃபோனில் அந்தச் சிலைடை எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். வால் பக்கத்து முடியைப் பெரிசு பண்ணி, நுனியில் விரிந்திருந்த புனலை விரலால் சுட்டினேன். இதை வைத்துத்தான் உங்கள் நிலத்தை உழ வேண்டாம் என்று சொன்னோம் என்றேன். அவர் ஃபோனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார், மறுபடி படத்தை.

"நம்ம இலையைத் துன்ற பூச்சிக்கு, இம்மாத்தூண்டு முடிக்கு, இப்படி ஒரு பூவா?" என்றார்.

"நல்லா பாத்துக்க" என்றாள் அக்கா, லென்ஸைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "பாத்துட்டு வண்டிய பின்னால எடுண்ணா. வெய்யில் ஏறிட்டா நாத்து வாடிடும்."